தீப நாளில் மூடிய பாலம்

கரையாம்பட்டுப் பாலத்தைக் கார்த்திகைத் தீபத்தின்போது மூடியவர் யார் என்று கேட்டால், தென்பெண்ணையின் இரண்டு கரையிலும் இன்றைக்கும் தணிகாசலம் சார் பெயரைத்தான் சொல்வார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மூட வேண்டும் என்று முதலில் சொன்னது நான். அவர் இருந்தவரை அதை வெளியில் சொல்ல அவர் விடவில்லை. இப்போது அவர் இல்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

எழுத வைத்ததும் ஒரு சின்ன விஷயம்தான். போன மாதம் ஒரு கையெழுத்துக்காக, நான் வேலை பார்த்த துறையின் வேங்கிக்கால் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள், ஒரு பெண்ணும் ஒரு பையனும், டிரோன் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பாலத்தின் அடிவயிறு. செங்கல் செங்கலாகத் தெரிந்தது.

"மேடம், உங்க காலத்துல இத எப்படிப் பாத்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஏணி வச்சு."

"புடவையிலயா மேடம்?"

"வேற எதுல?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. அந்த ஏணியின் மேல் படியில் நின்றுகொண்டு நான் பார்த்த ஒரு காலைப் பொழுது நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் பூமி. 1989-ல், திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த சமயத்தில், நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் ரோட்டுக்கு ஒட்டுப்போடுவதிலும் சிறுபாலங்களுக்கு வெள்ளையடிப்பதிலும் போயின. அதையெல்லாம் எழுதினால் படிப்பவர்களுக்குத் தூக்கம் வரும். பிறகு தெற்குப் பக்கத்துப் பாலங்களை என் பொறுப்பில் விட்டார்கள். அப்போதுதான் தணிகாசலம் சார் கோட்டப் பொறியாளராக வந்தார்.

ஒல்லியான, உயரமான மனிதர். எந்நேரமும் கையில் குடை இருக்கும். ஜீப்பில் உட்கார்ந்தபடி வேலையைப் பார்வையிடும் அதிகாரிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அவரைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. பாலத்துக்குப் போனால் மேலே நிற்கவே மாட்டார். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு மணலில் இறங்கிவிடுவார். நான் எதையாவது விவரிக்கத் தொடங்கினால் கையை உயர்த்துவார்.

"பாத்தத மொதல்ல சொல்லும்மா. நெனச்சத அப்புறம் சொல்லு."

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "தண்ணி கசியுது சார்" என்று சொல்லக் கூடாது. ஈரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கசிவு நாம் நினைப்பது, ஈரம் நாம் பார்த்தது. அறிக்கையில் 'பாலம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினால் அடித்துவிட்டு, "யாருக்கு நல்ல நெல?" என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார்.

ஒரே ஒருநாளைத் தவிர, அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை நீ, வா, போ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் 'நீங்க' என்று மாறிவிடும். "என்ன சொல்றீங்க நீங்க?" என்று கேட்டுவிட்டார் என்றால் அன்றைக்கு யாரும் அவர் அறைப் பக்கம் போக மாட்டோம்.

அவருடைய சுபாவத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். செய்யாற்றின் மேல் ஒரு பழைய பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்து, இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. வேர் உள்ளே இறங்கினால் கல்லைப் பிளந்துவிடும் என்பதால் உடனே எடுக்க வேண்டும். ஆனால் பக்கத்து ஊர்ப் பெண்கள் அதற்கு மஞ்சள் கயிறு கட்டிக் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் ஆட்களோடு போனபோது ஐந்தாறு பேர் மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்திக்குக் குழந்தை இல்லை. அந்தக் கயிறு அவள் கட்டியது.

நான் போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சார் வந்தார். சுவர் ஓரமாக அந்தப் பெண்களுக்குச் சமமாகக் குந்தி உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்தச் சுவத்துல அதுக்கு மண்ணு எங்க இருக்கு? பாவம், கல்ல சாப்ட்டா வளருது? ஆத்தங்கரையில வச்சா நல்லா வளருமே. நீங்களே எடம் காட்டுங்க. நாங்க தோண்டித் தரோம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் குழந்தை இல்லாத பெண்ணே எழுந்து கரையில் ஓர் இடம் காட்டினாள். சுவரை அரை நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, வேர் அறாமல் கன்றை எடுத்தோம். அவள் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுபோய் நட்டாள். கன்று பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. சுவரைச் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசினோம். இன்றும் நிற்கிறது.

இனி கரையாம்பட்டுக்கு வருகிறேன்.

அது வெள்ளைக்காரர்கள் காலத்துப் பாலம். கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் வரிசையாகச் செங்கல் வளைவுகள். சிமெண்ட் கிடையாது, எல்லாம் சுண்ணாம்பு. எதிரெதிரே இரண்டு பஸ்கள் வந்தால் ஒன்று கரையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். அக்கரை வேறு மாவட்டம். பாலம் எங்கள் பொறுப்பு. தெற்கேயிருந்து அண்ணாமலையாரைப் பார்க்க வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வரும்.

நான் பார்க்கத் தொடங்கியபோதே ஆற்றுப்படுகை இறங்கிக்கொண்டிருந்தது. மணல் அள்ள அள்ள, ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்த அஸ்திவாரக் கற்கள் வெளியே தெரிந்தன. ஈறு தேய்ந்தால் பல்லின் வேர் தெரியுமே, அதுபோல. வடக்குக் கரையிலிருந்து மூன்றாவது வளைவின் அடியில், தூணை ஒட்டி, ஒரு விரிசல் இருந்தது. பென்சிலால் கோடு போட்டது போல மெல்லியதுதான்.

"சுண்ணாம்புக் கட்டடத்துல விரிசல் வரும், போகும்மா. அதுக்காகப் பயப்படாத," என்றார் சார். "விரிசல் இருக்கான்னு கேக்காத. வளருதான்னு கேளு."

அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவோம். விரிசல் மயிரிழை விலகினாலும் கண்ணாடி உடைந்துவிடும். வளைந்துகொடுக்க அதற்குத் தெரியாது.

அந்தக் கண்ணாடியை நான் வாங்குவது தேரடித் தெருப் பக்கம் சாமி படங்களுக்குப் பிரேம் போடும் கௌஸ் பாயிடம். படத்துக்கு வெட்டியதுபோக மிச்சம் விழும் துண்டுகளில் விரல் அகலத்துக்குக் கீற்று போட்டுத் தருவார். காசு வாங்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் கேலி செய்வார்.

"ஒடையாத கண்ணாடி குடுங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. ஒடையறதுக்குன்னே கேட்டு வாங்குற ஒரே ஆளு நீங்கதாம்மா."

"ஒடையக் கூடாதுன்னுதான் பாய் ஒட்டறோம்."

"அப்ப என்னாத்துக்கு இவ்ளோ மெலிசு?"

நான் விளக்கம் சொல்வேன். அவர் தலையாட்டுவார். நம்பினாரா என்று தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். ஐப்பசியிலிருந்தே விடாத மழை. மேலே அணை நிரம்பி வருவதால் எந்நேரமும் தண்ணீர் திறக்கலாம் என்று தகவல் வந்திருந்தது. தீபத்துக்கு முந்தின நாள் காலை, வெள்ளம் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கரையாம்பட்டுக்குப் போனேன். சாலைப் பணியாளர் முருகேசன் மூங்கில் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவுக்குக் கீழே தண்ணீர் கணுக்கால் அளவுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன்.

கண்ணாடி உடைந்திருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது, யாரோ கல் எறிந்திருப்பார்கள் என்பதுதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனம் கெஞ்சியது. பாத்தத மொதல்ல சொல்லு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். இரண்டு பாதியும் ஒட்டிய இடத்திலேயே இருந்தன. சில்லு எதுவும் சிதறவில்லை. விரிசல் எப்படிப் போகிறதோ அதே கோட்டில் கண்ணாடி இரண்டாகியிருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. அந்தக் கண்ணாடியை நான் ஒட்டி அதிக நாள் ஆகவில்லை.

தலைக்கு மேலே ஒரு பஸ் போனது. செங்கல்லில் கை வைத்திருந்தேன். அந்த அதிர்வு கை வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. முருகேசன் கீழேயிருந்து, "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து போன் செய்தேன். சார் வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், அந்த ஏணியில் தானே ஏறினார். நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும் ஆற்றில் கிடந்த ஒரு பாறை மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"மூடணும் சார்."

"நாளைக்குத் தீபம்."

"தெரியும் சார்."

"ஜனம் எவ்ளோ வரும்னு தெரியுமா?"

"அதனாலதான் சார் மூடணும்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது. ஒரே ஒரு கண்ணாடித் துண்டு. மற்ற வளைவுகளில் ஒட்டியவை அப்படியே இருந்தன. வெயிலிலும் மழையிலும் தானாகவே உடைந்ததாக இருக்கலாம். இதை நம்பி ஒரு மாவட்டத்தின் திருவிழாவை மறிப்பதா?

எழுந்து வேட்டியை உதறுவதுபோல் பேண்ட்டை உதறிக்கொண்டார். "சரி. சொன்னது நீ. மூடறது நான். யாரு கேட்டாலும் இதுதான். புரியுதா?"

"சார், அறிக்கையில என் பேரு..."

"புரியுதான்னு கேட்டேன்."

பிறகு அந்தப் பஞ்சாயத்து போன் ஓயவில்லை. மேலதிகாரிகள், போலீஸ், பஸ் டெப்போ என்று ஒவ்வொரு இடத்துக்கும் அவரே பேசினார். எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்டது. அவர் குரல் ஒரே சீராக இருந்தது. "ஜனங்கள நிறுத்தலங்க. வண்டியத்தான் நிறுத்தறேன்." கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. தெற்கேயிருந்து வரும் பஸ்கள் அக்கரையில் நின்றுவிடும். ஜனங்கள் பாலத்தை நடந்து கடப்பார்கள். இக்கரையில் வேறு பஸ்கள் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போகும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் நடப்பவர்களையும் நிறுத்திவிட வேண்டும்.

மதியத்துக்குள் தார் டிரம்களில் மணல் நிரப்பி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு முனையிலும் குறுக்கே வைத்தோம். அக்கரையில் வந்து நின்ற முதல் பஸ்ஸின் டிரைவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா மேடம் இது? காலையில கூட ஃபுல் லோடு ஏத்திக்கினு இதே பாலத்துலதான் வந்தேன். ஒண்ணும் ஆவல. மத்தியானத்துக்குள்ள இன்னா ஆயிடுச்சு?"

"விரிசல் ஜாஸ்தியாயிருக்குங்க."

"எங்க? காட்டுங்க பாக்கலாம்."

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "இந்தக் கண்ணாடிக்கா?" என்றார். போய்ப் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

மறுநாள் தீபம். விடிந்ததிலிருந்து ஜனம் நடந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. எல்லோரும் திட்டினார்கள் என்று சொன்னால் அது பொய். திட்டியவர்கள் உண்டு. ஆனால் "மலையச் சுத்தப் போறவங்களுக்கு இது ஒரு நடையா?" என்று சிரித்துக்கொண்டே போனவர்கள்தான் அதிகம். நடக்க முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்று நான் திகைத்து நின்றபோது, டிவிஎஸ் வண்டியில் கௌஸ் பாய் வந்து இறங்கினார்.

"பாலத்த மூடிட்டாங்கன்னு டவுன்ல பேசிக்கினாங்க. நம்ம கண்ணாடிதான் ஒடஞ்சுதாமே? அது எங்க ஒட்டியிருக்குன்னு ஒரு தபா பாக்கலாம்னு வந்தேன்மா."

பார்த்தார். உடைந்ததைத் தொடாமல் பார்த்தார். பிறகு கிளம்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஊருக்குள் போய் ஒரு டீக்கடையில் பேசி இரண்டு மர நாற்காலிகளை வாங்கி வந்தார். நான்கு வாலிபர்களைப் பிடித்தார். வயதானவர்களையும் கால் முடியாதவர்களையும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக் கடத்தத் தொடங்கினார்கள். முன்னால் பாய், "வழி வுடுங்க, வழி வுடுங்க, சாமி வருது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

பிற்பகலில் அக்கரையில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. பெரிய மனிதர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய ஆள் ஒருவர் டிரம்மைத் தானே நகர்த்தப் போனார். ஜனம் நடக்க டிரம்களுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியில் சார் போய் நின்றுகொண்டார். மழை தூறியது. குடையை விரித்தார்.

"கார்தான சார்? பஸ்ஸா ஓட்டறோம்? வெயிட்டு கம்மிதான?"

"கம்மிதாங்க. ஒரு காரு வுட்டா பின்னாடி நிக்கிறதெல்லாம் வரும்."

"உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுங்க. ஐயா நடந்து வந்தா நானே குடை புடிச்சுக் கூட்டிக்கினு போறேன்."

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே குடையை நீட்டினார். காரின் கண்ணாடி இறங்கவில்லை. ஆனால் பின்கதவு திறந்தது. அந்தப் பெரிய மனிதரின் மனைவி இறங்கினார். விரதம் போலிருக்கிறது, வெறும் கால். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்டது. "நீங்க சுத்திக்கிட்டு வாங்க. நான் இவங்களோடயே போறேன்," என்று சொல்லிவிட்டு, சாரின் குடைக்குள் வந்து நின்றார். சார் அவரை இக்கரை வரை கொண்டுவந்து விட்டார். கார்கள் திரும்பி, சுற்று வழியில் போயின. திரும்பியபோது எழும்பிய சேறு டிரம்களில் அடித்த வெள்ளையை மறைத்துவிட்டது.

அந்தி சாயும் நேரத்தில் முருகேசன் ஓடிவந்தார். தண்ணீர் நிறம் மாறிவிட்டது. மேலே அணை திறந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உடனே அக்கரையில் ஆட்களை நிறுத்தச் சொன்னோம். பாலத்தின் மேல் ஏற்கெனவே ஏறியவர்கள் வந்து சேர்ந்தால் போதும்.

அப்போதுதான் அது நடந்தது. வடக்கே மழைமேகம் விலகி மலையின் முனை தெரிந்தது. அதில் ஒரு பொட்டு வெளிச்சம். பாலத்தின் மேல் யாரோ "அரோகரா!" என்று கத்தினார்கள். அடுத்த நொடி பாலத்தில் இருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். சிலர் அங்கேயே விழுந்து கும்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நின்றது மூன்றாவது வளைவின் மேல். அங்கிருந்துதான் மலை மரங்களுக்கு நடுவே தெளிவாகத் தெரியும்.

கீழே தண்ணீரின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. நான் ஓடினேன். "நிக்காதீங்க, வாங்க வாங்க" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் என்னை விரோதியைப் போலப் பார்த்தார்கள். வருடம் முழுக்கக் காத்திருந்த வெளிச்சம் அது. கும்பிடுகிறவரைப் பிடித்து எப்படித் தள்ளுவது?

எனக்குப் பின்னால் சாரின் குரல் கேட்டது. அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"நடந்துக்கினே கும்பிடுங்க! மலைய பாத்துக்கினே நடங்க! சாமி உங்க கூடவே வரும்!"

சொல்லிக்கொண்டே அவரும் கையைத் தலைக்கு மேல் கூப்பி, மலையைப் பார்த்தபடி முன்னால் நடந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரோடு அடி எடுத்து வைத்தார்கள். பிறகு அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். அரோகரா, அரோகரா என்று ஊர்வலம் போல எல்லோரும் நகர்ந்தார்கள். கடைசியில் கௌஸ் பாயும் அந்த வாலிபர்களும் ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கால் கரையில் பட்ட பிறகுதான் நான் திரும்பி மலையைப் பார்த்தேன். மறுபடியும் மேகம் மூடியிருந்தது.

இந்த இடத்தில் பாலம் இடிந்து விழுந்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். விழவில்லை. வெள்ளம் தூண்களின் பாதி உயரத்துக்குப் போனது, வடிந்தது. பாலம் அப்படியே நின்றது.

காலையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்க மேடம், வுழும்னு சொன்னீங்களே?" என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். நாங்கள் திறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றி அஸ்திவாரத்தைப் பார்க்கும்வரை திறக்க முடியாது என்று சார் எழுதிவிட்டார். அக்கரைக்காரர்கள் மல்லாட்டை மூட்டைகளைத் தலையில் சுமந்து கடத்தினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்தார்கள். வெயிலில் பால்கேன் தூக்கிக்கொண்டு போன ஒரு பெண், என் முகத்துக்கு நேராகவே மண்ணை வாரித் தூற்றினாள். அவளுடைய வலி எனக்குப் புரிந்தது.

பொங்கலுக்கு முன்பே சாருக்கு மாற்றல் வந்தது. தென்கோடியில், பாலமே இல்லாத ஒரு பிரிவில், ஒரு மூலை மேஜை. யாரும் காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். வழியனுப்ப அவர் அறைக்குப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னாலதான் சார். நான் சொல்லாம இருந்திருந்தா..."

அவர் முகம் மாறியது. "நீங்க பாக்காதத எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"பாத்தத மறைச்சீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னாத்துக்கு அழறீங்க? போய் வேலையப் பாருங்க."

அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

சித்திரையில் ஆறு வற்றியது. மூன்றாவது வளைவின் தூணைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி, ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, மணலைத் தோண்டினோம். மேற்குப் பக்கம், தண்ணீர் வந்து மோதும் மூலையில், அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணே இல்லை. ஒரு ஆள் குனிந்து உள்ளே போய் உட்காரும் அளவுக்குக் குடைந்திருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் அந்தக் கல்லும், அதற்கு மேல் தூணும், வளைவும், ரோடும் இருந்தன. உட்கார்ந்திருந்தது கொஞ்ச நேரம்தான்.

சென்னையிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். அன்று பஸ் போக்குவரத்தை விட்டிருந்தால் தூண் சாய்ந்திருக்கும் என்றார் ஒருவர். பழைய வளைவுப் பாலங்கள் ஒன்றையொன்று தாங்கும், விழுந்திருக்காது என்றார் மற்றவர். இருவருமே விஷயம் தெரிந்தவர்கள்தான். இதில் யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வேலையில் அப்படித்தான். நடக்காமல் போனதை யாரும் அளந்து காட்ட முடியாது.

சாருக்குப் போன் செய்து இரண்டு கருத்தையும் சொன்னேன். மகிழ்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு பேர்ல யாரு கரெக்ட்டுனு பாக்கறதுக்கா நாம மூடினோம்? அத வுடு. அந்தப் பொந்துல என்ன போடப் போற?"

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் கான்கிரீட்டைப் பற்றியும், தூணைச் சுற்றிப் பரப்ப வேண்டிய கருங்கல்லைப் பற்றியும்தான். வேலை அடுத்த மழைக்கு முன் முடிந்தது. பஸ்கள் மறுபடி ஓடின. விழா எதுவும் எடுக்கவில்லை. ஒரு காலைப் பொழுதில் முருகேசனும் நானும் டிரம்களை உருட்டி ஓரமாக விட்டோம், அவ்வளவுதான்.

சில வருடங்கள் கழித்து, தெற்கே விழுப்புரம் பக்கம் அவருடைய சொந்த ஊரில் அவர் மகள் கல்யாணம். ஓய்வு பெற்று அங்கேயே இருந்தார். போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுக் கிளம்பும்போது அவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மகளுக்காக அண்ணாமலையாருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார். வீட்டில் கூட்டம், சத்தம். யாரும் தடுக்கவில்லை.

"கரையாம்பட்டு வழியா போற பஸ்ஸா பாரு. ரிப்பேர் பண்ணினத நான் இன்னும் பாக்கவேயில்ல."

ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். வழி நெடுகக் கேள்விதான். விரிசலில் சுண்ணாம்புக் கலவை இறக்கினோமா, சிமெண்ட்டா? கருங்கல் பரப்பியது வெள்ளத்தில் நகர்ந்ததா? பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறு நெருங்க இன்னும் கொஞ்ச தூரம் இருந்தபோது கேள்வி நின்றது. திரும்பிப் பார்த்தேன். கல்யாண அலைச்சல். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

எழுப்ப வேண்டும் என்று கை தூக்கினேன். பஸ் பாலத்தில் ஏறியது. எங்கள் முன் இருக்கையில் ஒரு பெண் குழந்தைக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் வெளியே பார்க்கவில்லை. மூன்றாவது வளைவு, இரண்டாவது, முதலாவது என்று வடகரை வரை நான் மனத்துக்குள் கடந்துகொண்டிருந்தேன். அவரை எழுப்பவில்லை.

இக்கரையில் பஸ் நின்றபோது விழித்துக்கொண்டார்.

"பாலம் வந்துடுச்சா?"

"தாண்டிட்டோம் சார்."

கழுத்தை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். பஸ் ரோட்டுத் திருப்பத்தைத் தாண்டி நின்றிருந்தது. புளியமரங்கள்தான் தெரிந்தன.

"பாலத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சா?"

"இல்ல சார்."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.